பழைய வண்டியும் புதிய வானொலியும்

பழம்பொருள் ஒன்றை உடையவனுக்கு அதன்மேல் உள்ள உரிமை எவ்வளவு? தன் விருப்பத்திற்கும் தன் காலத்தின் வசதிக்கும் ஏற்ப அதனை அவன் மாற்றிக்கொள்ளலாமா? அரும்பொருளகத்தாரும் கோயில் அறங்காவலரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது என்று நான் நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அண்மையில் அது என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. என் மகள் தன் பாட்டனாரின் மகிழுந்தில் வானொலி ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கேட்டாள். நாற்பதாண்டுக் காலம் பள்ளியில் பிள்ளைகளை 'ஏன்' என்று கேட்கத் தூண்டிய எனக்கு, அந்த ஒரு சொல்லுக்கு உடனே விடை கிடைக்கவில்லை.

சுங்கை ஊடாங் என்னும் மலாய்ப் பெயருக்கு இறால் ஆறு என்பது பொருள். மலாக்கா நகருக்கு வடமேற்கே, கடலை ஒட்டியுள்ள இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது தெரண்டாக் படைமுகாம். 1960களில் அங்கே பிரித்தானிய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் தங்கியிருந்தனர். பின்னர் அது மலேசியப் படையின் கைக்கு வந்தது. தாயகம் திரும்பும் படைவீரர்கள் கொண்டுசெல்ல இயலாதவற்றை விற்றுவிட்டுப் போவார்கள். அவ்வாறு விலைக்கு வந்த வண்டிகளுள் ஒன்றைத்தான், பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்த என் தந்தையார் 1960களின் நடுவில் வாங்கினார். 1959இல் செய்யப்பெற்ற மோரிஸ் மைனர் 1000.

அவ்வண்டியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வகுத்த அமைப்பில் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது மோரிஸ் மைனர். 1970களின் தொடக்கம் வரை, சிற்சில மாற்றங்களோடு, அதே உருவில் செய்யப்பெற்று வந்தது. எங்கள் வண்டியின் எந்திரம் 948 கன சென்டிமீட்டர் அளவினது. முகப்புப் பலகையின் நடுவே வட்டமான வேகமானி ஒன்று. அதன் இருபுறமும் சிறு பெட்டிகள். கீழே பொருள் வைக்கும் தட்டு. அவ்வளவுதான். முழு வண்டிக்கும் இரண்டே பியூஸ்கள். வலமோ இடமோ திரும்பும்போது, பக்கத் தூணிலிருந்து சிவந்த கை ஒன்று வெளியே நீண்டு விளக்கெரியும். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அந்தக் கை நீளுவதைக் காண்பதற்காகவே லயத்து முனையில் காத்து நிற்போம். வானொலிக்கென்று அவ்வண்டியில் இடம் வகுக்கப்படவில்லை. விரும்பியவர் தனியே வாங்கித் தட்டின் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும்.

தந்தையார் மாட்டிக்கொள்ளவில்லை. அவர் இசையை வெறுத்தவர் அல்லர். வீட்டில் மாலைதோறும் வானொலி முழங்கிக்கொண்டிருக்கும். வண்டியில் மட்டும் கூடாது என்றார். காரணத்தை ஒருநாள் எனக்குத் தோட்டத்துக் கணக்கைப் போலவே விளக்கினார். இவ்வண்டியின் டைனமோ முழு வேகத்தில் தருவது ஏறத்தாழ இருபது ஆம்பியர். முன்விளக்குகளும் பின்விளக்குகளும் ஒன்பது பத்தை எடுத்துக்கொள்ளும். எந்திரத்தில் பொறி எழுப்பும் சுருளுக்கு மூன்று நான்கு. மழை பெய்தால் கண்ணாடி துடைப்பானுக்கு இரண்டு மூன்று. அக்காலத்து வால்வு வானொலி தனக்கென்று மூன்று நான்கு கேட்கும். பன்னிரண்டு வோல்ட்டை அதிர்வி ஒன்றால் வெட்டி வெட்டி, மின்மாற்றியால் இருநூறுக்கு மேல் உயர்த்தினால்தான் அதன் வால்வுகள் இயங்கும். வண்டி மெதுவாக ஓடும்போதோ, நின்று உறுமும்போதோ டைனமோவின் வரவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எல்லாம் பேட்டரியின் சேமிப்பிலிருந்தே போகும். வரவில்லாத நேரத்தில் செலவு செய்பவன் இரவில் மாட்டிக்கொள்வான் என்பார்.

இரவுகள் அவருக்கு முக்கியமானவை. தோட்டத்தில் வேறு மகிழுந்து வைத்திருந்தவர் துரை ஒருவரே. பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்களையும், பாம்பு தீண்டியவரையும், பால்மரத்தினடியில் மயங்கி விழுந்தவரையும் அந்த மோரிஸ் மைனரே மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து "கிராணியாரே!" என்று கதவைத் தட்டும் வேளையில், திருகியவுடன் வண்டி உயிர்பெற வேண்டும். காலை இருட்டில் பெரட்டுக்குச் செல்வதற்கு முன் பேட்டரியின் நீர்மட்டத்தைப் பார்ப்பது அவருக்கு வழிபாடு போன்றது. ஆகவே, வண்டியில் வானொலி கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாச் சட்டமாயிற்று.

சட்டத்தைப் பிறப்பித்தவர் மறைந்துவிட்டார். சட்டத்திற்குக் காரணமாயிருந்த நிலையும் மறைந்துவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன. 1990களில் சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. இரப்பர் நின்ற நிலம் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகளைக் காண்கிறோம். நள்ளிரவில் யாரும் எங்கள் கதவைத் தட்டுவதில்லை. இன்றைய சிறு வானொலி அளவோடு ஒலித்தால் வால்வு வானொலி கேட்டதில் ஒரு பங்குகூடக் கேட்பதில்லை. காரணம் போன பின்னும் கட்டளை மட்டும் நிற்க வேண்டுமா? தந்தைக்குக் கீழ்ப்படிதல் என்பது அவருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிதலா, சொல்லின் பின்னிருந்த எண்ணத்திற்கா? எண்ணத்திற்கே என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லியிருப்பேன். வீட்டில் அது எளிதாக இல்லை. காரணத்தை மறந்து கட்டளையை மட்டும் காப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. சிந்திக்கும் பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது. நம் சமுதாயச் சடங்குகள் பலவற்றின் நீண்ட ஆயுளுக்கு இச்சுகமே காரணமோ என்று நான் ஐயுறுவதுண்டு.

மகள் எதற்காக வானொலி கேட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தந்தையார் மறைந்த பின் வண்டி கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திப் பல ஆண்டுகள் கிடந்தது. மின்துறையில் பயின்ற என் மகள், விடுமுறை நாள்களை எல்லாம் செலவிட்டு அதனை ஓடவைத்தாள். எண்பதைக் கடந்த என் தாயாரை வெள்ளிதோறும் கோயிலுக்கு அதில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. தாயாருக்கோ மின்னல் பண்பலை ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் அது ஓய்வதே இல்லை. முதல் பயணத்தில் கையடக்க வானொலியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். எந்திரத்தின் பொறி ஒவ்வொன்றும் அதில் படபடவென்று வெடித்தது. "உங்க அப்பா சொன்னது சரிதான், இந்தக் காருக்கும் பாட்டுக்கும் ஆகாது" என்று சிரித்தபடி அணைத்துவிட்டார். அச்சிரிப்பு மகளைத் தைத்துவிட்டது போலும்.

ஊரிலுள்ள பழுது பார்ப்பவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். எழுபதைத் தாண்டிய தமிழர். இத்தகைய வண்டிகளோடு வளர்ந்தவர். மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்தவர், "வாத்தியாரே, இது பாசிட்டிவ் எர்த். புது ரேடியோவை அப்படியே மாட்டினால் புகை வரும்" என்றார்.

இவ்விடத்தில் சற்று நின்று விளங்கிக்கொள்வது நல்லது. மகிழுந்தில் ஒவ்வொரு விளக்கிற்கும் கருவிக்கும் மின்சாரம் போகவும் திரும்பவும் இரண்டு வயர்கள் இழுப்பதில்லை. பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடலோடே இணைத்துவிடுவர். திரும்பும் வழி உடலாகவே அமைந்துவிடும். அதனைத் தரையிணைப்பு என்கிறோம். மண்ணோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. வண்டி இரப்பர்ச் சக்கரங்களின் மேல் அன்றோ நிற்கிறது! பிரித்தானிய வண்டிகளில் 1960களின் நடுப்பகுதி வரை உடலோடு இணைக்கப்பட்டது பெரும்பாலும் நேர்முனை. அமெரிக்க ஃபோர்டு வண்டிகளிலும் 1955 வரை அதுவே முறை. துருவேறுதல் குறையும் என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் உலகெங்கும் எதிர்முனையை உடலோடு இணைக்கும் வழக்கம் நிலைத்தது. இன்றைய வானொலியின் உலோகக்கூடு எதிர்முனையோடு பிணைந்தது. அதன் வான்கம்பியின் மேலுறையும் அவ்வாறே. நேர்முனையே உடலாகிய வண்டியில் அக்கூடு பட்டால், பேட்டரியின் இரு முனைகளும் நேரே முட்டிக்கொள்ளும். வயர் பழுத்துச் சிவந்து தீப்பற்றவும் கூடும்.

இரண்டில் எது சரியான முறை? இரண்டும் சரியே. நேர், எதிர் என்னும் பெயர்களை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மின்னியலுக்குத் தந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். எதில் மின்பொருள் மிகுந்துள்ளது, எதில் குறைந்துள்ளது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஓர் ஊகத்தின் பேரில் பெயரிட்டார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் மின்னணுவைக் கண்டறிந்த பின்னர், வயரில் உண்மையாக ஓடுவது எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கே என்பது தெளிவாயிற்று. பெயர் தலைகீழாக அமைந்துவிட்டது என்பதற்காக யாரும் அதனை மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. ஆனால் ஒன்று: ஊகத்தில் பிறந்த மரபானாலும், அதன்மேல் வீட்டைக் கட்டிவிட்ட பின்னர், அவ்வீட்டுக்குள் அது மெய்யாகவே ஆட்சி செய்கிறது. வண்டியின் உடல் நேர்முனை என்பது இயற்கையின் விதியன்று. அதனை மதியாமல் கைவைத்தால் எழும் நெருப்போ இயற்கையின் நெருப்பு. மரபுகளைப் பற்றி, 'இவையெல்லாம் மனிதன் வகுத்தவைதாமே' என்று எளிதாகப் பேசும் இளைஞர்களும், 'இவை இறைவன் வகுத்தவை' என்று முழங்கும் முதியவர்களும் இந்த ஓர் இரும்புக்கூட்டின் முன் சிறிது நேரம் நின்று பார்க்கலாம்.

பழுது பார்ப்பவர் சொன்ன வழி மிக எளியது. வண்டியையே எதிர்முனைக்கு மாற்றிவிடலாம். பேட்டரியைத் திருப்பி வைக்க வேண்டும். பொறிச்சுருளின் இரு வயர்களை இடம் மாற்ற வேண்டும். விளக்குகளுக்கு முனை பற்றிய கவலையில்லை. இவ்வண்டியின் துடைப்பானுக்கும் இல்லை. எஞ்சுவது டைனமோ. அதன் இரும்பு, தான் இத்தனை ஆண்டுகள் எத்திசையில் மின்னாக்கியது என்பதைச் சிறிது காந்தமாகத் தன்னுள் நினைவில் வைத்திருக்கிறது. அதன் புலச்சுருளுக்குச் செல்லும் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரை அம்முனையில் கண நேரம் தொட்டெடுத்தால் போதும். ஒரு சிறு பொறி. பழைய நினைவு அழிந்து புதிய திசை பதிந்துவிடும். "ஒரு மணி நேர வேலை வாத்தியாரே" என்றார்.

அந்தக் கண நேரப் பொறிதான் என்னைக் கலங்கவைத்தது. அறுபதாண்டு நினைவை ஒரு தொடுதலில் அழிப்பதா? நான் மறுத்தேன். இரும்பின்மேல் நான் ஏற்றிய உணர்ச்சி அது என்பதை இப்போது அறிவேன், அன்று அறியவில்லை. வண்டியை வண்டியின் முறைக்கே விட்டுவிட வேண்டும், புதியது எதுவும் அதனுள் நுழையக்கூடாது என்று வாதிட்டேன். மகள் கேட்டாள்: "அப்பா, அப்படியானால் இதற்கு நான் போட்ட புதிய சக்கர உறைகள்? புதிய பேட்டரி? தாத்தா காலத்துப் பெட்ரோலா இப்போது ஊற்றுகிறோம்?"

தீசியூசின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க்கு எழுதியதை மாணவர் பலர் அறிந்திருப்பர். பழைய பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின், அது பழைய கப்பல்தானா என்று கிரேக்க அறிஞர் வழக்கிட்டனர். நம் நாட்டவர் இப்படி வழக்கிட்டதாகத் தெரியவில்லை. குடமுழுக்குத்தோறும் கோயிலைப் புதுக்குகிறோம். வண்ணம் மாறுகிறது, சுதை மாறுகிறது. கோயில் மாறிவிட்டது என்று யாரும் வழிபாட்டை நிறுத்தவில்லை. மலாக்காவில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அக்கோயிலைக் கட்டிய மலாக்காச் செட்டிகள் சமூகத்தை எண்ணிப் பார்க்கலாம். பல தலைமுறைகளுக்கு முன்னரே அவர்களது வீட்டு மொழி மலாயாகிவிட்டது. உடையும் உணவும் இம்மண்ணோடு கலந்துவிட்டன. ஆயினும் காஜா பேராங்கில் மாரியம்மன் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மூதாதையர்க்குப் படையல் இடப்படுகிறது. தமிழாசிரியனாகிய எனக்கு, மொழியை இழந்தார்களே என்னும் வருத்தம் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்களிடம் சென்று, 'உங்கள் முனை மாறிவிட்டது. நீங்கள் பழையவர் அல்லர்' என்று சொல்ல எனக்கு ஏது உரிமை? விளக்கு எரிகிறதே!

மாற்றமே கூடாது என்னும் என் கட்சி இவ்வாறு ஆட்டங்கண்டது. எனினும், எம்மாற்றமும் ஆகும் என்று ஒப்பவும் மனம் வரவில்லை. இடையில் எங்கே கோடு கிழிப்பது?

மகள் ஒரு கோட்டைக் காட்டினாள். முனையை மாற்றினால் நாளை மீண்டும் திருப்பிவிடலாம். முகப்புப் பலகையை அறுத்து வானொலிக்கு வாய் திறந்தால் அது மூடாது. ஆகவே அறுப்பது கூடாது, திருப்புவது ஆகும் என்றாள். இஃது அவளுடைய சொந்தக் கருத்து மட்டுமன்று. பழங்கட்டடங்களைக் காப்பது பற்றி 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனம், பழையதன் குறையை நிரப்பப் புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைய வேண்டும், அதே நேரத்தில் பழையது என்று காண்போரை ஏமாற்றவும் கூடாது என்றது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா, 2019இல், பழைய வண்டிகளின் எந்திரத்தை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்தும் போக்கைப் பற்றிப் பேசுகையில், அத்தகைய மாற்றத்தைத் தான் ஊக்குவிக்க இயலாது என்றும், செய்தே தீருவோர் திருப்பக்கூடிய வகையில் செய்து, கழற்றிய உறுப்புகளைக் குறித்துவைத்துப் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறியது. உடைமையாளன் உரிமையாளன் மட்டுமல்லன். அடுத்தவன் கைக்குப் போகும் வரை காவலன் என்னும் கருத்து இவற்றின் அடியில் ஓடுகிறது.

நல்ல கோடுதான். ஆனால் அது போதாது என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் என் தந்தையார்.

வானொலியை எங்கே தொங்கவிடலாம் என்று பார்ப்பதற்காக மகள் பொருள் தட்டைக் கழற்றினாள். அதன் பின்புறம், வயர்க்கட்டோடு சேர்த்து, மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு தாள் கட்டப்பட்டிருந்தது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கத் தாள், தந்தையாரின் கையெழுத்து. திரும்பும்போது நீளும் அந்தச் சிவந்த கைகளை, சாலையில் வண்டிகள் பெருகிய பின் யாரும் கவனிக்காததால், ஒரு கட்டத்தில் அவர் மின்னும் விளக்குகளாக மாற்றியிருந்தார். அதனை நான் அறிவேன். அம்மாற்றத்தை அவர் எழுதி வைத்திருந்தார் என்பதை அறியேன். 'பச்சையில் சிவப்புக் கோடு போட்ட வயர் இடக்கைக்குப் போனது. வெட்டவில்லை. மடித்துத் துணி சுற்றியிருக்கிறேன். பச்சையில் வெள்ளைக் கோடு வலக்கைக்கு. கைகள் தூணுக்குள்ளேயே இருக்கின்றன. பின்னால் வருபவர் வேண்டுமானால் மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.' கீழே நாள், கையொப்பம்.

பின்னால் வருபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. விலைக்கு வாங்கப்போகும் யாரோ ஒருவராகவும் இருந்திருக்கலாம். ஆயினும் கிராணியாருக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியாது. செக்ரோலில் ஒரு பெயருக்கு எதிரே தவறான எண் விழுந்துவிட்டால் அதனைச் சுரண்டி அழித்தல் ஆகாது. ஒரே கோடு குறுக்கே இட்டு, பழைய எண் படிக்கும்படி விட்டு, புதிய எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையொப்பம் இட வேண்டும். சுரண்டிய ஏடு தொழிலாளியின் ஒருநாள் கூலியைத் தின்றுவிடும். தின்றது யார் என்றும் தெரியாமல் போய்விடும். சிறுவனாக அவர் மேசையருகே நின்று இதனை நான் கேட்டிருக்கிறேன். கணக்கின் விதி என்று மட்டுமே எண்ணியிருந்தேன்.

தமிழ் படித்தவர்க்கு இவ்விதி வேறோர் இடத்திலும் அறிமுகமானது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்கள் அவர் முன் கிடந்தன. தமக்குச் சரியென்று தோன்றிய பாடத்தை ஏற்ற பெரியவர், ஏனையவற்றைத் தூக்கி எறிந்துவிடாமல் பிரதிபேதமாகக் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் இருப்பதனால்தான், அவர் கொண்ட பாடத்தோடு பின்வந்தவர் மாறுபட்டு வாதிட முடிகிறது. ஏடெழுதுவோன் ஒருவன், தனக்கு விளங்காத சொல்லைத் தன் அறிவுக்கு எட்டியவாறு திருத்தி, திருத்தியதைச் சொல்லாமல் எழுதிச் சென்றால், அவன் செய்யும் கேடு கறையானின் கேட்டினும் பெரிது. கறையான் தின்ற இடம் ஓட்டையாகத் தெரியும். திருத்திய இடம் தெரியாது.

இதனை வண்டியோடு பொருத்திப் பார்த்தேன். பழுது பார்ப்பவர் சொன்னபடி முனையை மாற்றிவிட்டு வாளா இருந்தோம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் காணக்கூடிய மாற்றம் ஏதுமில்லை, திருப்பக்கூடியதும்கூட. ஆனால் பத்தாண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொருவர் இவ்வண்டியின் கையேட்டைத் திறந்து, நேர்முனையே உடல் என்று படித்து, அதன்படி புதிய பேட்டரியை இணைப்பார். வானொலி அந்தக் கணமே கருகும். நூலை நம்பியது அவர் குற்றமா? அவரை ஏமாற்றியது நாம். அப்போது நாம் இருக்கவும் மாட்டோம். திருப்ப முடிந்ததும் தீங்காகலாம் என்பது இதனால் விளங்குகிறது. எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்னொருவர் பலகையை அறுத்தே விட்டார் என்றாலும், அறுத்த துண்டை வைத்திருந்து, ஏன் அறுத்தேன் என்று எழுதியும் வைத்திருந்தால், அவர்மேல் எனக்குச் சினம் வருமா? வருத்தம் வரும். சினம் வராது என்றே நினைக்கிறேன்.

இத்தனை பெரிய சிந்தனைக்கு இச்சிறிய வானொலி தாங்குமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆனால் பெரிய பொருள்களில் இக்கேள்வி எழும்போது நம் ஆசாபாசங்கள் முந்திக்கொள்கின்றன. மொழியில் மாற்றம், எழுத்தில் சீர்திருத்தம், சமயத்தில் புதுமை என்றால் உடனே இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். நன்னூலின் இறுதி நூற்பாவைக் காட்டி, மாற்றத்திற்கு இலக்கணமே இசைவு தந்துவிட்டது என்பார் ஒரு சாரார். அதே நன்னூல், வடசொல் தமிழுக்குள் வரும்போது எவ்வெழுத்து எவ்வெழுத்தாகத் திரியும் என்று விதி விதியாக எண்ணிச் சொல்வதை அவர்கள் மறந்துவிடுவர். புகலாம், புகும் வழி இது என்று காட்டுவதும் இலக்கணம். இராமன் என்று எழுதும்போது முன்னே நிற்கும் இகரம், வந்த சொல் நம் வீட்டு வாசற்படிக்குக் காட்டிய மரியாதை. அந்த இகரத்தைப் பார்ப்பவனுக்கு இது வெளியிலிருந்து வந்த சொல் என்பதும் தெரிந்துவிடுகிறது. தற்பவம் எதையும் மறைப்பதில்லை.

தாளைக் கண்ட அன்று மாலை மகளும் நானும் கொட்டகையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வண்டியின் முனையை மாற்றவில்லை. வந்தது வானொலி; வளைய வேண்டியதும் வானொலியே என்று முடிவாயிற்று. உள்ளே வரும் மின்சாரத்திற்கும் வெளியே போகும் மின்சாரத்திற்கும் நேர்த்தொடர்பு இல்லாதபடி பிரித்து, பன்னிரண்டு வோல்ட்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகவே தரும் சிறு மாற்றுக்கருவி ஒன்றை அவள் வாங்கினாள். அது இடையில் இருந்தால், வானொலியின் கூடு உடலில் பட்டாலும் தீங்கில்லை. ஆயினும் அவள் வானொலியை மரப்பெட்டிக்குள் வைத்து, அடியில் இரப்பர் இட்டு, தட்டின் கீழே முன்பே இருந்த திருகாணிகளில் தொங்கவிட்டாள். புதிதாக ஒரு துளையும் இடவில்லை. வான்கம்பியை முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டினாள். டைனமோவின் இரைச்சலை அடக்க ஒரு மின்தேக்கியும், பொறியின் படபடப்பை அடக்கத் தடையுள்ள வயர்களும் போட்டாள். கழற்றிய பழைய வயர்களைச் சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வைத்தாள். பழுது பார்ப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேர வேலைக்கு ஒரு வாரமா?" என்றார். பிறகு தாத்தாவின் தாளைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார்.

மகள் ஒரு புதிய தாள் எழுதினாள். எந்த வயர் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த பியூஸ், மாற்றுக்கருவி எதற்காக, வண்டி இன்னமும் நேர்முனைத் தரையிணைப்பே என்பது, நாள், கையொப்பம். தமிழிலும் மலாயிலும் எழுதச் சொன்னேன். பின்னால் வருபவர் யாரோ. அதனைப் பாட்டனாரின் தாளோடு சேர்த்து அதே மெழுகுத் துணியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே கட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை தாயாரை முன்னிருக்கையில் அமர்த்திப் புறப்பட்டோம். பாட்டு தெளிவாகக் கேட்டது. கோயிலிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. மஸ்ஜித் தானா சாலைச் சந்திப்பில் வண்டி நின்று உறுமியபோது, முன்விளக்கு சற்றே மங்கி, முகப்பில் டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தது. தாயார் அதனைப் பார்த்தார். கையை நீட்டி வானொலியை அணைத்தார். பச்சை விளக்கு விழுந்து வண்டி வேகம் கொண்ட பிறகு, அவரே மீண்டும் போட்டார்.